எழுதிப் போட்டால் என்ன குறைந்துவிடும்?

நம் வீடுகளில் ‘விரும்பினால் எழுதலாம்’ என்று ஒரு தேர்வு கிடையாது. பள்ளியிலிருந்து வரும் கடிதத்தில் ‘விரும்பினால்’ என்று போட்டிருந்தால், ‘அடுத்த வீட்டுப் பிள்ளை எழுதப்போகிறது’ என்றுதான் நாம் அதைப் படித்துக்கொள்வோம். பிராஸ் பாசா புத்தகக் கடைகளில் பயிற்சி நூல்களைக் கைநிறைய அள்ளிக்கொண்டு நிற்கும் பெற்றோரிடம் கேட்டுப் பாருங்கள். “எதுக்கும் இருக்கட்டும்” என்பார்கள். சிங்கப்பூர்த் தமிழ்க் குடும்பங்களின் கல்விக் கொள்கையை இரண்டு சொல்லில் சொல்லச் சொன்னால் நானும் இதைத்தான் சொல்வேன்.

அந்தக் கொள்கைக்குப் பலன் இல்லாமலும் இல்லை. உயர்தமிழையே எடுத்துக்கொள்ளுங்கள். அது எல்லாருக்கும் கட்டாயமில்லை. ஆனால் சாதாரண நிலைத் தேர்வில் உயர்தமிழ் எழுதித் தேறினால் தொடக்கக் கல்லூரியில் சேர 2 சலுகைப் புள்ளிகள் கிடைக்கும். இவ்வளவு உழைத்தால் இவ்வளவு பலன் என்று விலைச்சீட்டு ஒட்டியிருப்பதால், குடும்பம் உட்கார்ந்து கணக்குப் போட முடிகிறது.

விலைச்சீட்டு இல்லாத விருப்பத் தேர்வு வந்தால் என்ன செய்வது? கடந்த ஆண்டு இந்தக் கேள்வியோடு என்னிடம் இருவர் வந்தார்கள். ஒருத்தி என் அண்ணன் மகள். இங்குள்ள பல்கலைக்கழகத்தில் இயற்பியல் இறுதியாண்டு. இன்னொருவர், சிராங்கூன் சாலைக்குப் பின்னால் ஒரு வாடகை அறையில் மூவரோடு சேர்ந்து தங்கியிருக்கும் தம்பி. தென் தமிழ்நாட்டில் ஒரு சிற்றூர்க் கல்லூரியில் எம்.எஸ்சி. இயற்பியல் முடித்துவிட்டு, உட்லண்ட்சில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் மூன்று ஆண்டுகளாக வேலை பார்க்கிறார். இருவருக்கும் ஆசை ஒன்றே. அமெரிக்காவில் இயற்பியலில் முனைவர் பட்டம். இருவரும் கேட்டதும் ஒரே தேர்வைப் பற்றி. பதில் மட்டும் ஒன்றாக அமையவில்லை.

முதலில் தேர்வைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஜிஆர்இ பொதுத் தேர்வை அறியாத பட்டதாரி இருக்கமாட்டார். அதைத் தவிர ஜிஆர்இ பாடத் தேர்வு என்று தனியாக ஒன்று உண்டு. 2010களின் தொடக்கத்தில் அது 8 பாடங்களில் நடந்தது. கணினி அறிவியல் 2013இல் நின்றது. பிறகு உயிர்வேதியியல் போனது. 2021இல் உயிரியலும் ஆங்கில இலக்கியமும், 2023இல் வேதியியலும் போயின. இன்று மிஞ்சியிருப்பவை கணிதம், இயற்பியல், உளவியல் ஆகிய மூன்றுதான்.

செப்டம்பர், அக்டோபர், ஏப்ரல் மாதங்களில் மட்டும் நடக்கும். கட்டணம் 150 அமெரிக்க டாலர், நம் காசுக்கு ஏறக்குறைய 200 வெள்ளி. மதிப்பெண் 200இலிருந்து 990 வரை. தவறான விடைக்குக் கழிவு இல்லை. 2023ஆம் ஆண்டிலிருந்து கணினியில்தான் எழுத வேண்டும், வீட்டிலிருந்தபடியும் எழுதலாம். இயற்பியல் தேர்வு 2 மணி நேரம், ஏறக்குறைய 70 கேள்விகள். இயக்கவியல், மின்காந்தவியல், ஒளியியல், வெப்பவியல், குவாண்டம், அணு இயற்பியல், சார்பியல், ஆய்வுக்கூட முறைகள் என்று பட்டப்படிப்பில் படித்த அத்தனையும் கலந்து வரும். கேள்வி ஒன்றுக்கு 2 நிமிடம்கூடக் கிடைக்காது. நன்றாகப் படித்தவர்களுக்கும் மூன்று மாதப் பயிற்சியாவது வேண்டும்.

இப்போது சிக்கலுக்கு வருவோம். இந்த மதிப்பெண்ணைப் பற்றிப் பல்கலைக்கழகத் துறைகள் நான்கு விதமாகச் சொல்கின்றன. ‘கட்டாயம் தேவை’ என்பது ஒன்று. ‘பரிந்துரைக்கிறோம்’ என்பது இன்னொன்று. ‘விருப்பம்’ என்பது மூன்றாவது. ‘அனுப்பினாலும் பார்க்கமாட்டோம்’ என்பது நான்காவது. ஒரே பல்கலைக்கழகத்தில் கணிதத் துறை ஒன்று சொல்லும், இயற்பியல் துறை வேறொன்று சொல்லும். சென்ற ஆண்டு சொன்னதை இந்த ஆண்டு மாற்றவும் செய்யும். முதல் வகைக்கும் நான்காம் வகைக்கும் யோசனை தேவையில்லை. நடுவில் இருக்கும் இரண்டுதான் தூக்கத்தைக் கெடுக்கும்.

அண்ணன் மகள் ஒரு ஞாயிற்றுக்கிழமை பட்டியலோடு வந்தாள். ஒன்பது துறைகள். ஆறு ‘பார்க்கமாட்டோம்’ என்றன. மூன்று ‘விருப்பம்’ என்றன. கட்டாயம் என்று ஒன்றுகூட இல்லை. “சித்தப்பா, அந்த மூணுக்காக எழுதட்டுமா?” என்று கேட்டாள்.

அவள் வாயை மூடுமுன் என் அண்ணன் குறுக்கிட்டார். “எழுதிப் போட்டா என்னடா குறைஞ்சிடும்? சரியா வரலைன்னா அனுப்பாம விட்டுடலாமே.”

அண்ணன் சொன்னதில் பாதி உண்மை. எந்த மதிப்பெண்ணை அனுப்புவது, எதை விடுவது என்று எழுதியவரே முடிவு செய்யலாம். குறைந்த மதிப்பெண் யார் கண்ணிலும் படாமல் போகும். ஆகவே அவமானம் என்று எதுவும் இல்லை. குறைவது வேறொன்று.

அவளிடம் நாட்காட்டியை எடுக்கச் சொன்னேன். நம் பல்கலைக்கழகங்களில் புதிய கல்வியாண்டு ஆகஸ்டில் தொடங்குகிறது. அவளுடைய இறுதியாண்டு ஆய்வுத் திட்டமும் அப்போதுதான் சூடு பிடிக்கிறது. அமெரிக்க விண்ணப்பங்களின் கடைசி நாள் பெரும்பாலும் டிசம்பர் நடுவில் வரும். அதற்கு முன்னால் நவம்பரில் பேராசிரியர் பரிந்துரைக் கடிதம் எழுத உட்காருவார். அப்போது அவர் கையில் என்ன இருக்கும்? மூன்று மாதம் ஒழுங்காக வேலை செய்திருந்தால் ஒரு வரைபடமாவது, ஒரு முடிவாவது இருக்கும். ‘இந்தப் பெண் இதைக் கண்டுபிடித்தாள்’ என்று ஒரு வரி எழுதுவார். அந்த மூன்று மாதமும் பாடத் தேர்வுக்குப் போயிருந்தால் ‘கெட்டிக்கார மாணவி, கடும் உழைப்பாளி’ என்று எழுதுவார். அப்படி எழுதப்பட்ட கடிதங்கள் தேர்வுக் குழுவின் மேசையில் நூற்றுக்கணக்கில் கிடக்கும்.

“அப்ப குறையறது அந்த ஒரு வரிதான்” என்றாள் அவள். அண்ணன் ஒன்றும் பேசவில்லை. அவர் முப்பது ஆண்டுகளாகப் பேருந்து ஓட்டுபவர். நேர அட்டவணையை எடுத்து வைத்துப் பேசினால் அவருக்கு விளங்காதது எதுவுமில்லை.

அவள் எழுதவில்லை.

அந்தத் தம்பியின் கதை வேறு. தேக்கா உணவங்காடி நிலையத்தில் இரவு வேலை முடிந்து வந்த ஒரு காலையில், தே தாரிக் ஆறும்வரை அவர் தம் மதிப்பெண் பட்டியலை என்னிடம் விரித்துக் காட்டினார். 68 விழுக்காடு. நம் ஊர்க்காரர்களுக்கு அதன் மதிப்பு தெரியும். தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் 60 எடுத்தாலே முதல் வகுப்பு. இயற்பியலில் 68 எடுத்துவிட்டு ஊரில் தலை நிமிர்ந்து நடக்கலாம். ஆனால் நூற்றுக்கு 90 என்பதையே ‘நன்று’ என்று பார்த்துப் பழகிய ஒரு பேராசிரியர் 68ஐ எப்படிப் படிப்பார்? அந்தக் கல்லூரியின் பெயரை அவர் கேள்விப்பட்டிருக்கவும் வாய்ப்பில்லை. பரிந்துரைக் கடிதம் எழுதப்போகும் ஆசிரியர்களின் பெயரும் அப்படித்தான். இந்தத் தம்பி மூன்று ஆண்டுகளாகத் தொழிற்சாலையில் இருக்கிறார், ஆய்வுத் திட்டம் என்று காட்ட எதுவும் இல்லை. அவர் கோப்பில் இயற்பியல் இருக்கிறது. படிப்பவருக்குத் தெரிந்த மொழியில்தான் அது இல்லை.

இதை அமெரிக்கர்களின் அறியாமை என்று தள்ளிவிட வேண்டாம். நம் பல்கலைக்கழகங்களும் இப்படித்தான் நடக்கின்றன. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்திலும் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலும் பல துறைகள், வெளிநாட்டுப் பட்டத்தோடு முனைவர் படிப்புக்கு வருவோரிடம் ஜிஆர்இ பொதுத் தேர்வு மதிப்பெண்ணைக் கேட்கின்றன. இந்தியப் பட்டதாரிகள் அதற்குப் பதிலாக கேட் தேர்வு மதிப்பெண்ணைத் தரவும் பல இடங்களில் வழியுண்டு. உள்ளூர்ப் பட்டதாரிகளுக்குப் பெரும்பாலும் விலக்கு. காரணம் எளிது. உள்ளூர்ப் பட்டியலை அவர்களால் படிக்க முடிகிறது. படிக்க முடியாத பட்டியலுக்குத்தான் உரை கேட்கிறார்கள்.

அந்த உரையாக இந்தப் பாடத் தேர்வு பயன்படுமா? நேர்மையாகச் சொன்னால், உறுதி இல்லை. அமெரிக்க வானியல் சங்கம் 2016இலேயே ஜிஆர்இ பொதுத் தேர்வையும் இயற்பியல் தேர்வையும் நீக்குங்கள், இல்லையென்றால் விருப்பமாக்குங்கள் என்று துறைகளைக் கேட்டுக்கொண்டது. 2019இல் வந்த ஓர் ஆய்வு, அமெரிக்காவில் இயற்பியல் முனைவர் படிப்பில் சேர்ந்த ஏறக்குறைய 4,000 பேரின் விவரங்களைப் பார்த்தது. யார் பட்டத்தை முடிப்பார்கள் என்பதை இந்த மதிப்பெண்கள் பெரிதாகக் காட்டிக்கொடுக்கவில்லை என்றது. அந்த ஆய்வின் கணக்கு முறையைக் குறை சொன்னவர்களும் உண்டு. 2021இல் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இன்னும் நேரடியாகக் கேட்டார்கள். பெயர் தெரியாத சிறு கல்லூரியிலிருந்து வருபவரை இந்தத் தேர்வு தனித்துக் காட்டுகிறதா? பெரும்பாலும் இல்லை என்பதே அவர்களுக்குக் கிடைத்த விடை.

இதையெல்லாம் தம்பியிடம் மறைக்காமல் சொன்னேன். அவர் தே தாரிக்கைக் குடித்து முடித்துவிட்டுக் கேட்டார். “அண்ணே, அந்த ஆய்வுல சிறு கல்லூரின்னு சொல்றது எந்த ஊர்க் கல்லூரி?”

நல்ல கேள்வி. அந்த ஆய்வு அமெரிக்கக் கல்லூரிகளைத்தான் தரம் பிரித்துப் பார்த்தது. அங்கே சிறு கல்லூரி என்றாலும் பாடத்திட்டம் தெரியும், மதிப்பெண் முறை தெரியும், ஒரு தொலைபேசி அழைப்பில் அங்குள்ள ஆசிரியரைப் பிடிக்கலாம். இவர் கல்லூரியின் நிலை அது இல்லை. ஆகவே அந்த ஆய்வு இவருக்கு ‘வேண்டாம்’ என்றும் சொல்லவில்லை, ‘செய்’ என்றும் சொல்லவில்லை.

யாருக்குத் தெரியுமோ அவர்களிடமே கேட்டுவிடலாம் என்று முடிவு செய்தோம். அவர் பட்டியலில் ‘பரிந்துரைக்கிறோம்’, ‘விருப்பம்’ என்றிருந்த துறைகளின் சேர்க்கை அலுவலர்களுக்கு நான்கே வரியில் மின்னஞ்சல் எழுதினார். நான் இந்தக் கல்லூரியில் படித்தவன், மதிப்பெண் முறை இப்படிப்பட்டது, பாடத் தேர்வு மதிப்பெண் என் விண்ணப்பத்தைப் படிக்க உங்களுக்கு உதவுமா? இரண்டு துறைகள் பொதுவான பதிலை வெட்டி ஒட்டி அனுப்பின. ஒன்று பதிலே போடவில்லை. மூன்று துறைகள், ‘உங்களைப் போன்றவர்களுக்கு அது உதவும்’ என்று தெளிவாகவே எழுதின.

200 வெள்ளி அவருக்குச் சின்னத் தொகை இல்லை. முஸ்தபாவுக்குப் பக்கத்தில் நின்று ஊருக்குப் பணம் அனுப்பும் வரிசையில் மாதம் தவறாமல் நிற்பவர் அவர். ஆகவே கட்டணம் கட்டும் முன் ஒன்று செய்யச் சொன்னேன். தேர்வை நடத்தும் இடிஎஸ் அமைப்பு மாதிரித் தேர்வை இலவசமாகவே தருகிறது. விடுமுறை நாளில் விக்டோரியா சாலை தேசிய நூலகத்தில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு எழுதிப் பார்த்தார். முதல் தடவை சுமார். ஒளியியலும் குவாண்டமும் காலை வாரின. ஆறு வாரம் கழித்து எழுதியபோது நன்றாக ஏறியிருந்தது. அன்றுதான் பணம் கட்டினார்.

வீட்டிலிருந்தே எழுதலாம் என்கிறார்களே, அதற்கு ஒரு வீடு வேண்டும். அறையில் வேறு யாரும் இருக்கக்கூடாது, யாரும் உள்ளே வரக்கூடாது, காதில் எதையும் மாட்டக்கூடாது, கேமரா வழியாகக் கண்காணிப்பாளர் பார்த்துக்கொண்டே இருப்பார். நான்கு பேர் முறை வைத்துத் தூங்கும் அறையில் இது நடக்காது. செப்டம்பரில் அவர் எங்கள் வீவக வீட்டில், என் மகனின் அறையில் எழுதினார். அந்த இரண்டு மணி நேரமும் என் மனைவி குக்கர் வைக்கவில்லை.

இந்த இரண்டு கதைகளையும் கேட்ட நண்பர் ஒருவர், “இராமானுஜனே தேர்வில் தோற்றவர்தானே, தேர்வெல்லாம் எதற்கு?” என்றார். நம்மவர்கள் அடிக்கடி சொல்வதுதான். கும்பகோணத்திலும் சென்னையிலும் அவர் கல்லூரித் தேர்வில் தவறியது உண்மை. ஆனால் 1913இல் கேம்பிரிட்ஜில் இருந்த ஹார்டிக்கு அவர் அனுப்பிய கடிதத்தில் நூறுக்கு மேற்பட்ட தேற்றங்கள் இருந்தன. தேர்வைக் காட்ட முடியாதவர் வேலையைக் காட்டினார். அண்ணன் மகள் எழுதாமல் விட்டதும் அந்தக் கணக்கில்தான். காட்ட அவளிடம் வேலை இருந்தது. இரண்டும் இல்லாமல் ‘விருப்பம்தானே’ என்று விட்டுவிடுவது இராமானுஜன் வழி ஆகாது.

ஏப்ரல் தேர்வுக்குப் பதிவு செய்யலாமா என்று இப்போது வீட்டில் பேசிக்கொண்டிருப்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்.

முதலில் துறைகளின் பட்டியலைப் போடுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே அந்த நான்கு வகையில் எது என்று எழுதுங்கள். நண்பர் சொன்னார், மூத்தவர் சொன்னார் என்பதை நம்பாமல் துறையின் இந்த ஆண்டு அறிவிப்பையே பாருங்கள்.

இரண்டாவதாக, உங்கள் விண்ணப்பத்தை உங்களை அறியாத ஒருவராக நினைத்துப் படியுங்கள். அதில் எந்தக் கேள்விக்குப் பதில் இல்லை? ‘இவருக்குப் பாடம் தெரியுமா’ என்பதுதான் அந்தக் கேள்வி என்றால் பாடத் தேர்வு பதில் சொல்லக்கூடும். பொறியியல் முடித்துவிட்டுக் கணிதத்துக்கு மாறுகிறவர்களுக்கும், படிப்பை விட்டுச் சில ஆண்டுகள் வேலையில் இருந்தவர்களுக்கும் இது பொருந்தும். ‘இவர் ஆய்வு செய்வாரா’ என்பதுதான் கேள்வி என்றால், 990 வாங்கினாலும் அது பதில் ஆகாது.

மூன்றாவதாக, காசு கொடுக்கும் முன் மாதிரித் தேர்வை நேரம் வைத்து எழுதிப் பாருங்கள்.

நான்காவதாக, நாட்காட்டியில் எதை எடுத்துவிட்டு இதை வைக்கப்போகிறீர்கள் என்று எழுதுங்கள். ‘எதையும் எடுக்கமாட்டேன், இரவில் படிப்பேன்’ என்று பிள்ளை சொன்னால், அந்தத் தூக்கம்தான் எடுக்கப்படுகிறது என்று பெற்றோர் குறித்துக்கொள்ளுங்கள்.

இந்த நான்கையும் செய்த பிறகும் ‘எழுதாவிட்டால் மனசு கேட்காது’ என்பது மட்டுமே காரணமாக மிஞ்சினால், அது மனத்தின் பயம். அந்தப் பயத்தை 200 வெள்ளி தீர்த்து வைக்காது. இதைத் தீர்த்தால் அது அடுத்த விருப்பத் தேர்வைத் தேடிப் போகும்.

இருவரும் டிசம்பரில் விண்ணப்பங்களை அனுப்பிவிட்டார்கள். தம்பியின் மதிப்பெண், அவர் அனுப்ப வெட்கப்படாத மதிப்பெண். அண்ணன் மகளின் பேராசிரியர் அந்த ஒரு வரியை எழுதினாரா என்பது எங்களுக்குத் தெரியாது, தெரியவும் கூடாது. பதில்கள் பிப்ரவரியிலும் மார்ச்சிலும் வரும். ஏப்ரல் 15க்குள் பெரும்பாலும் எல்லாம் தெரிந்துவிடும்.

அவளுக்கு இடம் கிடைக்காவிட்டால் “அப்பவே எழுதச் சொன்னேன்” என்று அண்ணன் சொல்லக்கூடும். தம்பிக்குக் கிடைக்காவிட்டால் “200 வெள்ளி தண்டம்” என்று அவர் அறை நண்பர்கள் சொல்லக்கூடும். கிடைத்தால் நம் கூட்டம் அதை அப்படியே விதியாக்கிவிடும். ‘அவள் எழுதாமலே போனாள்’ என்று நாலு பேர் எழுதாமல் இருப்பார்கள். ‘அவன் எழுதித்தான் போனான்’ என்று நாலு பேர் எழுதுவார்கள். ஆகவே பதில் வருமுன்னே இதை எழுதிவைக்கிறேன். இருவரும் தங்கள் கோப்பில் என்ன இல்லை என்று பார்த்து முடிவெடுத்தார்கள். மார்ச்சில் எந்தக் கடிதம் வந்தாலும், அந்த முடிவுகள் இரண்டும் சரியானவைதான்.